சுண்டுவிரல் மீனுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம்

அடையாறு, மயிலாப்பூர், சேத்துப்பட்டுப் பக்கம் பொடித்தூண்டிலோடு திரியும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் பெயர்கள் எனக்குத் தெரியாது, முகங்கள் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கோட்டூர்புரம் பாலத்துப் பக்கம் நடைக்கு வருகிற கிழங்களில் நானும் ஒருவன். அடையாற்றுக் கரையில் மூன்று நான்கு பேர் குந்தியிருப்பீர்கள். கையில் ஒன்றரை முழக் கம்பு. அதன் நுனியில் வெயில் பட்டால் மட்டும் தெரிகிற நரம்பு. முள் எங்கே இருக்கிறது என்று குனிந்து தேட வேண்டியிருந்தது. சீரகத்தைவிடக் கொஞ்சம் சின்னது.

"மைக்ரோ ஃபிஷிங் அங்கிள்" என்று ஒரு தங்கை சொன்னாள். பெரிய மீன் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாமாம், ஆகச் சின்னதைப் பிடிப்பதில்தான் கெத்தாம். எனக்குச் சிரிப்பு வந்தது. 1970-களின் கடைசியில் மந்தைவெளியில் நாங்கள் செய்துகொண்டிருந்ததற்கு இப்படி ஒரு பெயர் இருக்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சிதான் எங்கள் கம்பு. அம்மாவின் தையல் நூல்தான் நரம்பு. குண்டூசியை மெழுகுவத்தியில் காட்டி, இடுக்கியால் வளைத்தால் முள் தயார். சோற்றுப் பருக்கையைப் பிசைந்து இரை. குண்டூசியில் எதிர்ப்பல் கிடையாது என்பதால் பாதி மீன் தூக்கும்போதே நழுவித் தண்ணீரில் விழும். நாங்கள் அதற்காக அழுதிருக்கிறோம். நீங்கள் எதிர்ப்பல் இல்லாத முள்ளைக் காசு கொடுத்து வரவழைக்கிறீர்கள். காலம்.

ஆனால் இந்தக் கடிதம் பழங்கதை பேச இல்லை. போன மாதம் ஒரு தம்பி கிளம்பும்போது அவர் கையில் இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் இருந்தது. உள்ளே பதினொரு மீன். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "பாவம் அங்கிள், இந்தச் சாக்கடையில கெடந்து சாவுது. கபாலி கோயில் குளத்துல விட்டுடப் போறோம்" என்றார். நல்ல மனசு. அந்த நல்ல மனசுக்கு எதிராக நடுரோட்டில் நின்று என்ன பேசுவது என்று தெரியாமல் தலையாட்டிவிட்டு வந்தேன். அன்று சொல்லாததை எழுதி அனுப்புகிறேன். பிடியுங்கள், பாருங்கள், படம் எடுங்கள். ஆனால் பிடித்த தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். இதுதான் விஷயம். ஏன் என்பதற்குத்தான் மீதிப் பக்கங்கள்.

முதலில் அந்த பாட்டிலில் இருந்தவர் யார் என்று பார்ப்போம். மங்கிய சாம்பல் உடம்பு, வட்டமான வால், மேல்நோக்கித் திறக்கும் வாய். பெண் மீனின் வயிற்றோரம் ஒரு கறுப்புத் திட்டு. ஆண் அதில் பாதிதான் இருக்கும்; அடியில் குச்சிபோல நீண்ட துடுப்பு. நீங்கள் எல்லாவற்றையும் 'கப்பீஸ்' என்கிறீர்கள். இது கப்பி இல்லை, அதன் ஒன்றுவிட்ட உறவு: கம்பூசியா. கொசு ஒழிப்புக்காரர்கள் கிணற்றிலும் குட்டையிலும் கொண்டுவந்து கொட்டும் அதே மீன். சொந்த ஊர் அமெரிக்கா.

பெயர்க் கதை உங்களுக்குப் பிடிக்கும். கியூபாவில் தூண்டில் போட்டு வெறுங்கையோடு திரும்புகிறவனைப் பார்த்து, 'கம்பூசினோ பிடிக்கப் போனாயா' என்று கேலி செய்வார்களாம். கம்பூசினோ என்றால் ஒன்றுமில்லை. அந்தச் சொல்லை எடுத்துத்தான் ஃபெலிப்பே போய் என்ற கியூப விஞ்ஞானி 1854-இல் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார். ஆக அந்தத் தம்பி பதினொரு 'ஒன்றுமில்லை'களைப் பிடித்து, பஸ் ஏறி மயிலாப்பூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

அந்தச் சாக்கடைத் தண்ணீரில் அது எப்படி உயிரோடு இருக்கிறது என்பது வேடிக்கையில்லை. ஆற்றுத் தண்ணீரில் பிராணவாயு குறையக் குறைய, காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல்பரப்பில் மட்டும், ஒரு தாளின் கனத்துக்கு, மூச்சுவிடக் கொஞ்சம் இருக்கும். மேல்நோக்கிய வாய் உள்ள மீன் அந்தத் தாளை உறிஞ்சிப் பிழைக்கும். சாக்கடையில் கிடந்து சாகிறது என்று தம்பி நினைத்தார். உண்மையில் சாக்கடையில் சாகாமல் மிச்சம் நின்றது அது. சாக வேண்டியதெல்லாம் எப்போதோ செத்துவிட்டது.

முட்டை போடாமல் குட்டி போடுகிற சாதி இது. ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தைப் பெண் உடம்புக்குள் மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்ளும். அதனால் ஒரு குளத்தை நிரப்ப ஒரு சோடிகூட வேண்டாம், சினையுள்ள ஒரே ஒரு பெண் மீன் போதும். மற்ற மீன்களின் முட்டை, குஞ்சு, தவளையின் தலைப்பிரட்டை எல்லாம் அதற்குத் தீனி. தன்னைவிடப் பெரிய மீனின் வாலைக்கூடக் கடித்துக் கடித்துக் கிழிக்கும். உலகில் மிக மோசமாகப் பரவிய நூறு அந்நிய உயிர்கள் என்று இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் போட்ட பட்டியலில் இதற்கும் இடம் உண்டு.

இந்தியாவுக்கு இது 1928-இல் கொசுவுக்காக வந்தது. கப்பி அதற்கும் முன்பே, 1908-இல். இதில் எனக்கு ஆறாத ஒரு வயிற்றெரிச்சல். கம்பூசியா வருவதற்குப் பதினாறு வருடம் முன்னால், 1912-இலேயே, கல்கத்தா இந்தியன் மியூசியம் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டது. எழுதியவர்கள் செவெல், சௌதுரி என்ற இருவர். பொருள்: கொசுப்புழுவைத் தின்பதாகப் பார்த்து உறுதிசெய்யப்பட்ட இந்திய மீன்கள். அதாவது வேலைக்கு ஆள் உள்ளூரிலேயே இருக்கிறது, இன்னார் இன்னார் என்று பெயரோடு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அப்புறமும் வெளியூர் ஆளைக் கூட்டிவந்தோம். கல்யாணச் சமையலில் ஆரம்பித்து எல்லாவற்றிலும் நம் வழக்கம் இதுதானே.

அந்த உள்ளூர் ஆட்களில் ஒருவரை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். முண்டக்கண்ணி. தட்டையான தலை, தலைக்கு மேல் துருத்திய கண், உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு. படித்துறையில் நின்று குனிந்தால் மீன் தெரியாது, பொட்டு மட்டும் தெரியும். யாரோ தண்ணீரில் நான்கைந்து ஜமிக்கியைத் தூவிவிட்ட மாதிரி. எங்கள் ஈர்க்குச்சிக் காலத்தில் குண்டூசிக்கு அதிகம் மாட்டியது இதுதான். மலையாளத்தில் இதை மானத்துக்கண்ணி என்பார்கள்; வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பது. அதுவும் அழகுதான்.

மயிலாப்பூர்க்காரர்கள் உடனே கையைத் தூக்குவீர்கள், தெரியும். கீற்றுக் கொட்டகைக்கு அடியில் இருக்கும் நம் அம்மன் முண்டகக்கண்ணி; முண்டகம் என்றால் தாமரை. 2014-இல் திறந்த பறக்கும் ரயில் நிலையத்திலும் பெயரை ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார்கள். பேச்சில் ஒரு 'க' விழுந்து, அம்மனும் மீனும் ஒரே பெயராகிவிட்டார்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நினைக்கிறேன்.

முண்டக்கண்ணிகளில் குள்ளமான ஒரு வகையை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் பி. சுந்தரராஜ். பிற்பாடு மெட்ராஸ் மீன்வளத் துறைக்கு இயக்குநராக இருந்தவர். 1916-இல் இந்தியன் மியூசியத்தின் ஆய்வேட்டில் மெட்ராஸின் நன்னீர் மீன்களைப் பற்றி அவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அந்தக் குள்ள முண்டக்கண்ணிக்குப் பெயர் சூட்டியது அதில்தான். இன்றும் அந்த மீனின் அறிவியல் பெயருக்குப் பின்னால் அவர் பெயரும் அந்த வருடமும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. வருடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1916-இல் தியாகராய நகர் கிடையாது. அங்கே நீண்ட ஏரி இருந்தது, மயிலாப்பூர் ஏரி என்றும் மாம்பலம் ஏரி என்றும் இடத்துக்கு இடம் பெயர் மாறி. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தி.நகர் மனைகள் போட்டார்கள். நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்று ஒரு பகுதியும் 'டேங்க் பண்ட் ரோடு' என்று ஒரு சாலையும் மட்டும் அதற்குச் சாட்சி. ரங்கநாதன் தெருவில் தீபாவளிக் கூட்டம் தோளோடு தோள் உரசி ஒரே திசையில் நகரும்போதெல்லாம் எனக்குக் கெண்டைக் கூட்டம்தான் நினைவுக்கு வரும்.

கூட்டம் என்றதும்தான் உங்கள் வித்தைக்கு உண்மையான சோதனை. கம்பூசியாவைப் பிடிக்க வித்தை வேண்டாம், அது எச்சிலைக்கூடக் கடிக்கும். பொடித்தூண்டிலுக்கு அழகு, கூட்டமாகத் திரியும் கெண்டைச் சாதியைப் பிடிப்பதுதான். ஆகப் பிடித்தமானது எனக்கு ரஸ்போரா. சுண்டுவிரல் நீளம். மூக்கு நுனியிலிருந்து வால் அடிவரை மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு, கோட்டுக்கு மேல் மெல்லிய பொன் இழை. இருபது முப்பது சேர்ந்து, தண்ணீர் மெல்ல ஓடுகிற இடத்தில் எல்லாம் ஒரே திசை பார்த்து நிற்கும். வங்காளத்தில் அந்த மீனை அழைத்த பெயரை வைத்து 1822-இல் ஹாமில்டன் சூட்டிய பெயரையே நம்மூர் மீனுக்கும் ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். 2010-இல் இலங்கை ஆய்வாளர்கள் மூவர் உட்கார்ந்து பார்த்து, கங்கைக்கரை மீன் வேறு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். நூற்றெண்பது வருடம் அடுத்த வீட்டுப் பெயரில் வாழ்ந்த மீன்.

இந்தக் கூட்டம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் உங்கள் தூண்டில் மாறும். தலைவர் யாரும் கிடையாது. ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதைக் கண்ணால் பார்க்கிறது. விலாவில் ஓடும் உணர்கோட்டால் அது தண்ணீரைத் தள்ளுவதை உணர்கிறது. அவ்வளவுதான், மொத்தமும் ஒரே உடம்பு மாதிரி திரும்பிவிடும். சிச்சிலி மேலிருந்து பாயும்போது எதைக் குறிவைப்பது என்று அதற்கு ஒரு நொடி குழம்ப வேண்டும். அந்த ஒரு நொடிதான் கூட்டத்தின் லாபம். முன்வரிசையில் தீனி அதிகம், ஆபத்தும் அதிகம். பசித்தது முன்னால் வரும், வயிறு நிறைந்தது நடுவில் பத்திரமாக இருக்கும். அப்படியானால் உங்கள் முள்ளில் முதலில் மாட்டுவது யார் என்று நீங்களே ஊகிக்கலாம்.

இன்னொன்று, காது. கெண்டைச் சாதிக்குக் காற்றுப்பையிலிருந்து உள்காது வரைக்கும் சங்கிலி போலக் குட்டி எலும்புகள் உண்டு. 1820-இல் வெபர் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதிவைத்தது. காற்றுப்பை அதிர்ந்தால் காதுக்குப் போய்விடும். அதனால் மற்ற பல மீன்களைவிட இவற்றுக்குக் காது கூர்மை. கரையில் தொப்தொப்பென்று நடந்து வந்து, கேன் நாற்காலியைக் கல்லில் உரசிப் போட்டு, போனில் பாட்டு வைத்துவிட்டு, 'இன்னைக்கு ஒண்ணும் கடிக்கலை' என்று நீங்கள் அலுத்துக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன்.

மூன்றாவதுதான் எனக்கு ஆச்சரியம் தீராத விஷயம். தேனீயின் நடனத்தைப் படித்து 1973-இல் நோபல் வாங்கினாரே கார்ல் ஃபான் ஃப்ரிஷ், அவர் மீனிலும் வேலை செய்தவர். ஐரோப்பிய ஆற்றுப் பொடிமீன் ஒன்றுக்குத் தோலில் காயம்பட்டு, அதைத் திரும்பக் கூட்டத்தில் விட்டபோது மற்றவையெல்லாம் சிதறிப் பதுங்கியதைப் பார்த்தார். காயம்பட்டது கத்தவில்லை, துள்ளவில்லை. அதன் தோல் கிழிந்தால் கசியும் ஒரு பொருள் தண்ணீரில் கலந்து, 'இங்கே ஆபத்து' என்று மற்றவற்றுக்குச் சொல்லிவிடுகிறது. 1938-இல் அவர் இதை வெளியிட்டார். நம் ரஸ்போராவும் கெண்டைப்பொடியும் அதே பெருங்குடும்பம், அதே தந்திரம். தூண்டில்காரர்கள் 'மீன் உஷாராயிடுச்சு' என்பது இதைத்தான். உதடு கிழிந்த ஒன்றை உடனே அதே கூட்டத்தின் நடுவில் போட்டீர்களானால் அன்றைய ஆட்டம் முடிந்தது. அதற்காகத்தான் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி. பிடித்ததும் அதில் விட்டு, ஸ்கேலை ஒட்டிப் படம் எடுத்து, பத்தடி கீழே, ஓட்டத்துக்குப் பின்பக்கமாக விடுங்கள். கையை முதலில் தண்ணீரில் நனையுங்கள். வறண்ட விரல் பட்டால் மீனின் வழவழப்புப் பூச்சு உரிந்து வந்துவிடும். சித்திரை வெயிலில் பெட்டித் தண்ணீர் ஐந்து நிமிடத்தில் வெந்நீராகும். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

ஜப்பான்காரர்களுக்கு இதெல்லாம் பழைய பாடம். தனாகோ என்ற விரல்நீள மீனுக்காக எடோ காலத்திலிருந்தே தனித் தூண்டில், தனி முள். கடையில் வாங்கிய முள்ளையும் உருப்பெருக்கிக்கு அடியில் வைத்துச் சாணைக்கல்லில் இன்னும் தேய்த்துச் சின்னதாக்குகிறவர்கள் அவர்கள். தனாகோ முட்டையிடுவது உயிருள்ள மட்டியின் செவுளுக்குள். மட்டி போனால் மீனும் போயிற்று. எனவே தனாகோப் பிரியன் வேறு வழியில்லாமல் ஆற்றங்கரைச் சேற்றைப் பற்றியும் கவலைப்பட வேண்டியவனாகிறான்.

நம்மிடம் சின்ன மீனுக்கு மரியாதை தட்டில்தான். மதுரையில் அயிரைக் குழம்புக்குக் கிடைக்கிற மரியாதை வஞ்சிரத்துக்குக் கிடையாது. அதையும் குறைசொல்ல மாட்டேன். வங்காளதேசத்தில் மோலா என்ற பொடிமீனைத் தலை, கண், குடலோடு முழுசாகச் சமைத்துத் தின்றால் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ எவ்வளவு கிடைக்கிறது என்று காட்டியவர் சகுந்தலா தில்ஸ்டெட். டிரினிடாடுக்குப் போன இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர். 2021-இல் உலக உணவுப் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. மோலாவின் தம்பி ஒன்று நம் ஏரிகளிலும் கூட்டம் கூட்டமாகத் திரிகிறது. ஆனால் தயவுசெய்து கோட்டூர்புரத்தில் பிடித்ததை வறுத்துவிடாதீர்கள்.

சரி, அடையாற்றில் ரஸ்போரா இருக்கிறதா? இந்த ஆறு ஆதனூர் ஏரிப்பக்கம் கிளம்பி, மணிமங்கலம் முதலான ஏரிகளின் உபரியை வாங்கி, திருநீர்மலைப் பக்கம் செம்பரம்பாக்கத்துத் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு, நாற்பது கிலோமீட்டர் சொச்சம் ஓடிப் பட்டினப்பாக்கத்தில் கடலுக்கு வருகிறது. மேலே ஏரிகளில் கெண்டைச் சாதி உண்டு. நகரத்துக்குள் நுழைந்ததும் நாம் கொட்டுகிற கழிவு. முகத்துவாரத்தில் கோடையில் மணல் மூடிக்கொண்டால் கடல் ஏற்றமும் உள்ளே வந்து கழுவாது. மூடாத நாட்களில் மடவைக் குஞ்சுகள் கூட்டமாக உள்ளே ஏறுவதை உடைந்த பாலத்துப் பக்கம் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு ஆறு பிழைத்துவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள், அது கடல்வீட்டுப் பிள்ளை, விருந்துக்கு வந்தது.

ஆனால் ஒருமுறை ரஸ்போரா எங்கள் வீட்டுக்கே வந்தது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். கோட்டூர்புரத்தில் எங்கள் தெருவில் கழுத்தளவு. நான்காம் நாள் தண்ணீர் இறங்கியபோது கார் நிறுத்துமிடத்தில் முழங்கால் சேறு, லிஃப்ட் குழியில் மட்டும் தண்ணீர் நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆறு மீன். அந்தக் கறுப்புக் கோடு. கரண்ட் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, கீழ்வீட்டு மாமியின் பீரோவும் பாத்திரங்களும் மாடிப்படியில் காய்ந்துகொண்டிருந்தன. நான் மட்டும் தேநீர் வடிகட்டியை வைத்துக்கொண்டு லிஃப்ட் குழிக்குள் குப்புறப் படுத்திருந்தேன். என் மனைவி அன்று பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஆறையும் வாளியில் எடுத்து எங்கள் அடுக்ககத்துக் கிணற்றில் விட்டேன். காப்பாற்றிவிட்டேன் என்று பெருமை வேறு. அந்தக் கிணற்றில் கொசுவுக்காக முன்பே யாரோ விட்ட கம்பூசியா இருந்தது. அது எனக்குத் தெரியும், தெரிந்தும் பொருட்டாக நினைக்கவில்லை. தினம் காலையில் காப்பித் தம்ளரோடு போய் எட்டிப் பார்ப்பேன். கூட்டமாக நிற்கிற சாதிக்கு ஆறு பேர் ஒரு கூட்டமே இல்லை. கிணற்றுச் சுவரை ஒட்டி ஒதுங்கி, வால் கிழிந்துபோய், பொங்கல் சமயத்தில் இரண்டு. மாசியில் ஒன்றுமில்லை. கம்பூசினோ.

பட்டினியா, கடியா, ஓட்டமில்லாத தண்ணீரா, எதனால் செத்தன என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அவற்றைக் கொண்டுவந்த தண்ணீர் அன்று இன்னும் தெருமுனையில் ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்து அடி நடந்து அதில் விட்டிருக்கலாம். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தேன். அந்த பாட்டில் தம்பியைப் பார்த்து என்னால் கோபப்பட முடியாததற்குக் காரணம் இதுதான்.

மயிலாப்பூர்க் குளத்துக்கு வருகிறேன். மழை பொய்த்த வருடங்களில் அந்தக் குளம் கட்டாந்தரையாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடினார்கள். அப்படி வறண்ட குளத்தில் இன்று வாய்பிளந்து பொரி தின்கிற மீன்கள் எங்கிருந்து வந்தன? ஆறு கிடையாது, வாய்க்கால் வழி ஏறிவரவும் தோதில்லை. யாரோ ஒருவர் புண்ணியத்துக்கு, யாரோ ஒருவர் பரிதாபத்துக்கு, யாரோ ஒருவர் கொளத்தூர்ச் சந்தையில் வாங்கிய மீன் தொட்டிக்குள் அடங்காமல் வளர்ந்துவிட்டதே என்று ராத்திரியோடு ராத்திரியாக. குளத்து மீன் என்பது முழுக்க முழுக்க நம் மனசாட்சியின் பட்டியல். அதில் பெரும்பான்மை ஜிலேபிதான். அதுவும் அந்நியன், ஆப்பிரிக்காவில் பிறந்து, 1952-இல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. தொட்டியில் பாசி தின்னட்டும் என்று வாங்குகிறோமே டேங்க் கிளீனர், முதுகெல்லாம் ஓடு, தென்னமெரிக்கக்காரன், அதுவும் இப்படிக் குளம் மாறி ஏரிகளில் பெருகி, வலைபோடுகிறவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. நோயும் கூடவே போகும். 1988-இல் இந்தியாவுக்குள் நுழைந்த புண் நோய் விராலையும் கெண்டையையும் சிவப்புச் சிவப்பாக அரித்துக்கொண்டு வடகிழக்கிலிருந்து தெற்குவரை வந்தது. மீனை மாற்றினால் மீன் மட்டும் போவதில்லை. அது நீந்திய தண்ணீரும் போகிறது.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த குளம் திருவல்லிக்கேணி கைரவிணிதான். ஒரு முனிவரின் சாபத்தால் அதில் மீனே கிடையாது என்று தலபுராணம் சொல்லும். அந்த முனிவர் எவ்வளவு முன்யோசனைக்காரர் பாருங்கள்.

கம்பூசியாவையே ஒழித்துவிட வேண்டும் என்று நான் கொடிபிடிக்கவில்லை. மூடிய கிணற்றிலும் கட்டடம் கட்டுகிற இடத்துத் தொட்டியிலும் அது கொசுப்புழுவைத் தின்றுவிட்டுப் போகட்டும். மலேரியாவை அனுபவித்த ஊர் இது, எனக்கும் இரண்டு தடவை குளிர் தூக்கிப் போட்டிருக்கிறது. ஆனால் மழைத்தண்ணீரோடு தொடர்புள்ள எந்த நீரிலும் அதை விடக்கூடாது. அங்கே முண்டக்கண்ணியே அந்த வேலையைப் பார்க்கும். நீங்கள் பிடித்த கம்பூசியாவைக்கூட அதே இடத்தில் விடச் சொல்கிறேனே, அது நியாயமா என்று கேட்பீர்கள். கோட்டூர்புரத்தில் ஒன்றைக் கொன்றால் ஆறு தேறிவிடாது. வேறு இடத்துக்குத் தூக்கிப்போனால் அந்த இடம் கெட்டுவிடும். என் கணக்கு அவ்வளவுதான்.

உங்கள் கையில் வேறொரு பலம் இருக்கிறது. வலைக்காரர் தன் கண்ணிக்குத் தப்புவதைப் பார்ப்பதில்லை. மீன்பாசிக் குத்தகைக்காரருக்குக் கட்லாவும் ரோகுவும் போதும். தண்ணீரைச் சோதிக்கிற ஆய்வகம் பாட்டிலில் தண்ணீரை எடுக்கும், மீனை எடுக்காது. சுண்டுவிரல் மீனைக் கையில் எடுத்து முகத்தைப் பார்க்கிறவர்கள் இந்த ஊரில் நீங்கள் மட்டும்தான். எங்கே, என்றைக்கு, எத்தனை சென்டிமீட்டர் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் படம் ஏற்றுங்கள். சுந்தரராஜ் 1916-இல் எழுதியதோடு ஒப்பிட இந்த ஊரிடம் ஒரு புதுப் பட்டியல் வேண்டும். சைதாப்பேட்டைக்குக் கிழக்கே கறுப்புக்கோட்டு மீன் ஒன்று உங்கள் முள்ளில் மாட்டினால், அது பேப்பரில் வர வேண்டிய செய்தி.

தொல்காப்பியப் பூங்காவுக்குள்ளும் கோயில் குளத்திலும் தூண்டில் வேண்டாம். அங்கே காவலாளியோடு நீங்கள் ஓடிப்பிடித்து விளையாடியதை மந்தைவெளி மார்க்கெட் முழுக்கப் பேசினார்கள். சேத்துப்பட்டு ஏரியில் கட்டணம் கட்டி உட்காரலாம். கையைப் பழக்க அது நல்ல இடம்.

ஐப்பசி அடைமழை பிடித்து நான்கு நாள் ஆகட்டும். மணிமங்கலம் ஏரி நிறைந்து கலங்கல் வழியும். புதுத் தண்ணீரின் வாசம் பட்டதும் கெண்டைப்பொடிகள் ஓட்டத்தை எதிர்த்து ஏறும், முழங்கால் ஆழப் புல்தரையில் முட்டையிட. அன்றைக்கு முள்ளே வேண்டியதில்லை, சும்மா நின்றாலே கணுக்காலில் முட்டும். அந்த வாரத்தில் தூண்டில் போடாதீர்கள். பார்க்க மட்டும் வாருங்கள். ஞாயிறு காலை ஐந்தரைக்கு மத்திய கைலாஸ் சிக்னலில் நிற்கிறேன். என் பழைய மாருதியில் நான்கு பேர் ஏறலாம். கண்ணாடிப் பெட்டி என்னிடம் இருக்கிறது. பாட்டில் மட்டும் எடுத்து வராதீர்கள். குடிக்கத் தண்ணீர்கூடச் சொம்பில்தான்.

அன்புடன்,
கோட்டூர்புரத்துத் தொப்பிக் கிழவன்